ஆறு என்ற மதிப்பெண் உங்கள் ஆயுளைச் சொல்லாது

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 36. திருநெல்வேலிப் பக்கம். என் அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிக்காத நாள் குறைவு. நான் வயிற்றில் இருந்தபோதும் அப்படித்தான் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். பிறந்தபோது என் எடை 2 கிலோ. எனக்கு ஏழு வயதாகும்போது அம்மா என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு ஆச்சி வீட்டுக்கே வந்துவிட்டார். அதன் பிறகு ஆச்சிதான் எங்களை வளர்த்தார். பள்ளியில் சத்துணவு சாப்பிட்டுத்தான் படித்தேன்.

33 வயதில் சர்க்கரை நோய் வந்தது. எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் இல்லை. கை கால் எல்லாம் ஒல்லி, இடுப்பில் மட்டும் சதை. இப்போது இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் நெஞ்சு படபடக்கிறது. சமீபத்தில் இணையத்தில் சிறுவயதுத் துன்பங்கள் பற்றிய ஒரு வினாத்தாளை நிரப்பினேன். பத்துக்கு ஆறு வந்தது. ஆறும் அதற்கு மேலும் எடுத்தவர்கள் 20 ஆண்டு முன்பே இறந்துவிடுவார்கள் என்றும், இது மரபணுவில் பதிந்து மூன்று தலைமுறைக்குப் போகும் என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள். எனக்கு நான்கு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். இன்னொரு குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று கணவர் கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை. பரிணாமம் உயிர்களைப் பிழைக்க வைக்கவே வேலை செய்கிறது என்று படித்திருக்கிறேன். அப்படியானால் சின்ன வயதில் பட்ட அடியை உடம்பு ஏன் இத்தனை ஆண்டு சுமந்து, பிறகு நோயாகத் திருப்பித் தருகிறது? தம்பிக்கு 32 வயது. அவனும் குடிக்கத் தொடங்கிவிட்டான்.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த மதிப்பெண்ணை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மற்ற பயங்கள் எல்லாம் அதிலிருந்துதான் கிளம்பியிருக்கின்றன.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில், கைசர் பெர்மனென்ட்டே என்ற மருத்துவக் காப்பீட்டு அமைப்பில் உடல் பரிசோதனைக்கு வந்த 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் 1995 முதல் 1997 வரை அவர்களுடைய சிறுவயது அனுபவங்களைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற மருத்துவர்கள் தலைமையில் முதல் முடிவுகள் 1998-ல் வெளிவந்தன. வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரளவு படித்த, வசதியான நடுத்தர வர்க்கத்தினர். அவர்களிலேயே, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களுக்குக் குடிநோய், போதைப் பழக்கம், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இதய நோயும் ஈரல் நோயும்கூட அதிகம். வீட்டுக்குள் நடந்ததை மருத்துவர்கள் கேட்டே ஆக வேண்டும் என்று நிலைநாட்டிய ஆய்வு அது. அதன் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு.

அந்த 20 ஆண்டுக் கணக்கு, அதே மக்களை 2006 வரை பின்தொடர்ந்து 2009-ல் வெளியிட்ட ஆய்விலிருந்து வருகிறது. அதற்குள் இறந்துபோனவர்களில், ஆறும் அதற்கு மேலும் எடுத்தவர்களின் சராசரி வயது 60.6, துன்பம் எதுவும் சொல்லாதவர்களின் சராசரி வயது 79.1. இது இறந்தவர்களின் வயதை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. அந்த 17,000 பேரில் மிகப் பெரும்பாலோர் அப்போது உயிரோடு இருந்தார்கள். அவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. முதியவர்கள் தங்கள் சிறுவயதுத் துன்பங்களைக் குறைவாகவே சொல்லியிருந்தார்கள் என்பதால், ஆறு எடுத்தவர்களின் கூட்டமே வயதில் இளைய கூட்டம். இளையவர்கள் கூடிய கூட்டத்தில் பத்தாண்டுக்குள் இறந்தவர்களின் சராசரி வயது குறைவாகத்தான் வரும். அதே ஆய்வில் வயதைச் சரிக்கட்டிப் போட்ட கணக்கும் இருக்கிறது: ஆறு எடுத்தவர்கள் 65 வயதுக்குள் இறக்கும் ஆபத்து 2.4 மடங்கு, 75 வயதுக்குள் 1.7 மடங்கு. அதை நான் சிறிதாக்கிக் காட்டவில்லை. ஆனால் உங்கள் ஆயுளிலிருந்து யாரும் 20 ஆண்டைக் கழித்துவிடவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மதிப்பெண்ணைத் தனி மனிதர்களுக்கு ஜாதகம்போலப் பார்க்கக் கூடாது என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஆண்டாவே 2020-ல் எழுதினார். அடி எத்தனை முறை விழுந்தது, எந்த வயதில் விழுந்தது, எத்தனை ஆண்டு நீடித்தது என்று அந்தத் தாள் கேட்பதில்லை. உங்களைக் கூட்டிக்கொண்டு போய் வளர்க்க ஓர் ஆச்சி இருந்தாரா என்றும் அது கேட்பதில்லை. உங்கள் கதையில் அது பெரிய விஷயம். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் அடிப்படைக் கேள்வி, உடம்பு ஏன் இப்படிச் செய்கிறது என்பது. நீங்கள் படித்த வாக்கியத்தில் ஒரு பாதி விடுபட்டிருக்கிறது. இயற்கைத் தேர்வு உயிரைப் பிழைக்க வைப்பது, வளர்ந்து பிள்ளை பெற்று அதை ஆளாக்கும் வரைக்கும்தான் வலுவாக நடக்கிறது. இளமையில் ஒரு நன்மையைத் தந்து முதுமையில் தீமை செய்யும் பண்பு தலைமுறை தலைமுறையாக நிலைத்துவிட முடியும் என்று ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற உயிரியலாளர் 1957-ல் விளக்கினார். ஐந்து வயதுக் குழந்தையை இன்று இரவு காப்பாற்றும் ஓர் ஏற்பாடு, ஐம்பது வயதில் அவளுக்கு மாரடைப்பைத் தந்தாலும் இயற்கைத் தேர்வு அதைக் களைந்தெறியாது. ஐம்பது வயதில் வரும் நோய் அதன் கண்ணில் மங்கலாகத்தான் படுகிறது.

அந்த ஏற்பாட்டைத்தான் உங்கள் உடம்பு செய்தது. ஆபத்து என்றவுடன் அட்ரினல் சுரப்பி கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுரக்கிறது. அது இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, அட்ரினலினோடு சேர்ந்து இரத்த அழுத்தத்தை உயர்த்துகிறது, வளர்ச்சி, செரிமானம், பழுதுபார்ப்பு போன்றவற்றைத் தள்ளிப்போடுகிறது. நம் மூதாதையர் வாழ்ந்த சூழலில் வன்முறை என்றால் காயம்; காயம் என்றால் கிருமித் தொற்று. எனவே அச்சத்தில் வளரும் உடம்பு காயத்தை எதிர்பார்த்து நோயெதிர்ப்பு மண்டலத்தை அழற்சியின் பக்கம் சாய்த்து வைப்பதில் பொருள் இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-ல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைப் பிறப்பிலிருந்து பின்தொடர்கிறார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு 32 வயதிலும் இரத்தத்தில் அழற்சியின் அடையாளங்கள் கூடியிருந்தன. அதே அழற்சிதான் பல ஆண்டுகளில் இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது.

கதவுச் சத்தத்துக்குப் படபடப்பதற்கும் இதே கணக்குதான் காரணம். ராண்டால்ஃப் நெஸ்ஸி என்ற மனநல மருத்துவர் இதைப் புகை எச்சரிக்கைக் கருவியோடு ஒப்பிட்டார். தோசைப் புகைக்கு நூறு முறை வீணாக அலறினாலும், ஒரே ஒரு உண்மையான தீயைத் தவறவிடாத கருவியைத்தான் நாம் வாங்குவோம். அப்பா எந்த மனநிலையில் உள்ளே வருகிறார் என்று செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடிக்க வேண்டியிருந்த குழந்தைக்கு அந்தக் கருவி கூர்மையாக அமைந்துவிடுகிறது. உங்கள் மனம் பலவீனமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அது அந்த வீட்டுக்குச் சரியாகப் பழகிக்கொண்ட மனம். வீடு மாறிவிட்டது, பழக்கம் இன்னும் மாறவில்லை.

குடும்பச் சண்டை குழந்தைகளை இவ்வளவு ஆழமாகத் தாக்குவது ஏன் என்று மார்க் ஃப்ளின் என்ற மானுடவியலாளர் கரீபியன் தீவான டொமினிக்காவில் போவா மவேகோ என்ற கிராமத்தில் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 1980-களின் இறுதியிலிருந்து அந்த ஊர்க் குழந்தைகளின் உமிழ்நீரை எடுத்துக் கார்ட்டிசாலை அளந்தார். வீட்டுக்குள் நடந்த சண்டைதான் அவர்களின் கார்ட்டிசாலை மிக அதிகமாக உயர்த்திய காரணங்களில் முன்னால் நின்றது. அப்படிப்பட்ட நாட்களைத் தொடர்ந்து காய்ச்சலும் சளியும் வருவதும் அதிகம். மனிதக் குழந்தை தானாகப் பிழைக்க முடியாதது. பல ஆண்டுகள் பிறர் கையை எதிர்பார்த்தே வாழ்கிறது. எனவே குடும்பம் உடைவதுதான் மனிதக் குழந்தைக்கு நேரக்கூடிய மிகப் பெரிய ஆபத்துகளில் ஒன்றாக நெடுங்காலம் இருந்து வந்திருக்கிறது.

இனி நீங்கள் பிறப்பதற்கு முன் நடந்தது. உங்கள் சர்க்கரை நோய்க்கு இந்தப் பகுதிதான் நெருக்கம் என்று நினைக்கிறேன்.

இரண்டு கிலோ என்பது குறைந்த எடை. கருவில் ஊட்டம் குறையும்போது, குழந்தை இருக்கிற இரத்தத்தை மூளைக்குத் திருப்பிவிடுகிறது. தசை, கணையம், சிறுநீரகம் ஆகியவற்றுக்குக் கிடைப்பது குறைகிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் ஏறக்குறைய 36-வது வாரத்துக்குள் உருவாகி முடிந்துவிடும். பிறந்த பிறகு புதிதாக ஒன்றுகூட உருவாகாது. எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கு அவற்றின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவு, பின்னாளில் இரத்த அழுத்தம் உயரும் வாய்ப்பு கூடுதல். தாயின் கார்ட்டிசால் முழுவதும் குழந்தையைச் சேராமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி அதைச் சிதைத்துக் காக்கிறது. ஆனால் தாய் பட்டினியிலும் கடும் அச்சத்திலும் இருந்தால் அந்தக் காவல் தளர்ந்துவிடலாம். உங்கள் அம்மா அப்போது அனுபவித்தது இரண்டும் கலந்ததாகவே இருந்திருக்கும்.

கை கால் ஒல்லி, இடுப்பில் சதை என்று எழுதியிருக்கிறீர்கள். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருவது இந்த உடல்வாகைத்தான். புனே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறக்குறைய 2.7 கிலோ, இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. நம் குழந்தைகளுக்குத் தசை மிகவும் குறைந்திருந்தது, தோலுக்கடியில் உள்ள கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. அவரும் ஆங்கிலேய மருத்துவர் ஜான் யட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட ஒரு படம் 2004-ல் மருத்துவ இதழில் வெளியானது. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு இருவருக்கும் 22.3. யட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். "நீ ஒல்லியாகத்தானே இருக்கிறாய், உனக்கு எப்படிச் சர்க்கரை வந்தது?" என்று கேட்கும் உறவினர்களுக்கு இந்த எண்களைச் சொல்லுங்கள்.

கருவிலேயே குழந்தை வெளியுலகத்தை முன்கூட்டிக் கணித்து, பஞ்சம் வரும் என்று தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று சொல்வோர் உண்டு. இதற்குச் சான்றாக நெதர்லாந்தைக் காட்டுவார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியப் படை மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தது. ஒரு நாள் ரேஷன் ஒருவருக்கு 1,000 கலோரிக்கும் கீழே, சில வாரங்களில் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. அந்த மாதங்களில் கருவில் இருந்தவர்களை ஆம்ஸ்டர்டாம் மருத்துவமனையின் பழைய பதிவேடுகளிலிருந்து தேடிக் கண்டுபிடித்துப் பரிசோதித்தார்கள். அவர்களுக்குச் சர்க்கரையைச் சமாளிக்கும் திறன் குறைந்திருந்தது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் பஞ்சத்தில் சிக்கியவர்களுக்கு இதய நோயும் அதிகம். ஆனால் 1941 முதல் 1944 வரை முற்றுகையில் கிடந்த ரஷ்ய நகரமான லெனின்கிராடில் கருவில் இருந்தவர்களிடம் அப்படிப்பட்ட சர்க்கரைக் கோளாறு தென்படவில்லை. நெதர்லாந்தில் போர் முடிந்ததும் உணவு தாராளமாகக் கிடைத்தது, லெனின்கிராடில் தட்டுப்பாடு நீடித்தது என்பது பலரும் ஏற்கும் விளக்கம். பற்றாக்குறைக்கு உருவான உடம்பு மிகுதியைச் சந்திக்கும்போதுதான் தடுமாறுகிறது.

கணிப்பு என்ற விளக்கத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. கென்யாவின் அம்போசெலியில் பாபூன் குரங்குகளை 1971 முதல் தனித்தனியாக அடையாளம் வைத்துப் பின்தொடர்கிறார்கள். கணிப்பு உண்மையென்றால், வறட்சியில் பிறந்த குரங்குகள் பின்னாளில் வரும் வறட்சியை நன்றாகச் சமாளிக்க வேண்டும். நடந்தது நேர்மாறு: வறட்சியில் பிறந்த பெண் குரங்குகள்தான் பின்னாளைய வறட்சியில் அதிகம் அவதிப்பட்டன, கருத்தரிப்பது மேலும் குறைந்தது. நம்மைப்போல நீண்ட நாள் வாழும் உயிருக்கு, பிறந்த ஆண்டின் நிலவரத்தை வைத்து முப்பது ஆண்டுக்குப் பிந்தைய நிலவரத்தைச் சொல்வது எளிதும் இல்லை. கருவில் இருக்கும் குழந்தை எதிர்காலத்தைப் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கிடைத்ததை வைத்து முக்கியமானதைக் காப்பாற்றுகிறது, மற்றவற்றில் சிக்கனம் பிடிக்கிறது.

ஜொனாதன் வெல்ஸ் என்ற ஆய்வாளர் இதைத் திறன், சுமை என்று இரண்டாகப் பிரித்துச் சொல்கிறார். நோயாளிகளுக்கு விளக்க எனக்கு இதைவிடப் பயனுள்ள பாகுபாடு வேறு தெரியாது. கணையத்தின் திறன், சிறுநீரகத்தின் திறன், தசையின் ஒரு பகுதி ஆகியவை கருவிலும் முதல் சில ஆண்டுகளிலும் பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகின்றன. கொழுப்பு, உப்பு, மாவுச்சத்து, புகை, தூக்கமின்மை, ஓயாத பதற்றம் இவையெல்லாம் அந்தத் திறனின் மீது ஏறும் சுமை. உங்கள் திறன் சற்றுக் குறைவாக அமைந்துவிட்டது. அதை உங்கள் அம்மாவும் செய்யவில்லை, நீங்களும் செய்யவில்லை. ஆனால் நோய் வருவது இரண்டும் சந்திக்கும் இடத்தில், சுமை இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கிறது.

மகளைப் பற்றி. மரபணுவில் மூன்று தலைமுறை என்று அந்தக் காணொளியில் சொன்னவர் அரை உண்மையை முழு உண்மையாக்கிவிட்டார். நீங்கள் உங்கள் அம்மாவின் வயிற்றில் இருந்தபோதே, பின்னாளில் உங்கள் மகளாகப் போகும் கருமுட்டை உங்கள் உடலில் உருவாகிவிட்டது, இது உண்மை. மரபணுக்களின் மேல் மெத்தில் என்ற வேதிக்குறிகள் ஒட்டி அவை இயங்கும் அளவை மாற்றுகின்றன என்பதும் உண்மை. நெதர்லாந்துப் பஞ்சத்தின்போது கருவானவர்களிடம் அறுபது ஆண்டுக்குப் பிறகும் அத்தகைய ஒரு குறியில் வேறுபாடு தெரிந்தது. ஆனால் முட்டையும் விந்தும் உருவாகும்போது ஒரு முறையும், கரு உருவான உடனே இன்னொரு முறையும் இந்தக் குறிகளில் பெரும்பாலானவை அழிக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகின்றன. பட்ட துன்பம் முட்டையின் வழியே மனிதரில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை.

போகும் வழி வேறு, அது அன்றாட வாழ்க்கையின் வழி. கனடாவில் மைக்கேல் மீனி எலிகளை வைத்துக் காட்டினார். குட்டிகளை அதிகம் நக்கிச் சீராட்டும் தாய் எலிகளும் இருக்கின்றன, குறைவாக நக்கும் தாய்களும் இருக்கின்றன. அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் அச்சத்திலிருந்து சீக்கிரம் மீண்டன. அவற்றின் மூளையில் அந்த வேதிக்குறிகளும் வேறாக இருந்தன. பிறகு குட்டிகளை இடம் மாற்றினார்கள். குறைவாக நக்கும் தாய்க்குப் பிறந்து, அதிகம் நக்கும் தாயிடம் வளர்ந்த குட்டி, வளர்த்தவளைப் போலவே ஆனது. உங்கள் மகள் குடிகாரத் தந்தையின் வீட்டில் வளரவில்லை. இரவில் செருப்புச் சத்தத்தைக் கேட்டு மூச்சை அடக்கிக்கொள்ளும் குழந்தை அவள் இல்லை. நீங்கள் ஒருவேளை எரிந்து விழுந்து, பிறகு அவளைத் தூக்கிச் சமாதானம் செய்தால், அந்தச் சமாதானத்தையும் அவள் கற்றுக்கொள்கிறாள்.

நன்மையும் தலைமுறை தாண்டும். இந்தியப் பள்ளி மதிய உணவுத் திட்டத்தைப் பற்றி 2021-ல் வெளிவந்த ஓர் ஆய்வு, சிறுமியாக அந்த உணவைச் சாப்பிட்ட பெண்களுக்குப் பின்னாளில் பிறந்த குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேறியிருந்ததைக் காட்டியது. காமராசர் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்த ஏற்பாட்டில் நீங்கள் சாப்பிட்ட சோறு உங்கள் மகளின் எலும்பிலும் கொஞ்சம் இருக்கக்கூடும்.

இப்போது ஆச்சிக்கு வருகிறேன். ஆப்பிரிக்காவின் காம்பியாவில் நான்கு கிராமங்களில் 1950 முதல் 1974 வரை எழுதி வைத்த பிறப்பு, இறப்பு, எடைப் பதிவுகளை ரெபெக்கா சியர், ரூத் மேஸ் ஆகியோர் ஆராய்ந்தார்கள். தாய்வழிப் பாட்டி உயிரோடு இருந்தால் நடக்கப் பழகும் வயதுக் குழந்தைகள் பிழைக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடியது, எடையும் மேலாக இருந்தது. தந்தை இருந்ததால் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. தான்சானியாவின் ஹட்சா மக்களிடையே, தாய் புதுக் குழந்தைக்குப் பாலூட்டும் மாதங்களில் மூத்த குழந்தையின் எடை பாட்டி தோண்டி வரும் கிழங்கைப் பொறுத்திருந்ததைக் கிறிஸ்டன் ஹாக்ஸ் கண்டார். மனிதக் குழந்தை தாய் ஒருத்தியின் கையில் வளர உருவானது இல்லை, பல கைகளில் வளர உருவானது. உங்கள் அம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு தன் தாய் வீட்டுக்கு நடந்தது, நம் இனம் மிகப் பழங்காலத்திலிருந்து நம்பி வந்த பாதுகாப்பைத் தேடித்தான். ஊர் அன்றைக்கு அவரை என்ன பேசியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அவர் செய்தது சரி.

ஏழு வயது என்பது தாமதம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989-ல் வீழ்ந்தபோது அனாதை இல்லங்களில் பெருந்திரளாகக் குழந்தைகள் கிடந்தன. 2000-ல் தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதியைக் குலுக்கல் முறையில் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். இரண்டு வயதுக்குள் குடும்பத்துக்குப் போனவர்களின் மன அழுத்த எதிர்வினை, 12 வயதில் இல்லத்தையே பார்க்காத குழந்தைகளைப் போல இருந்தது. அதற்குப் பிந்தியவர்களுக்கு அவ்வளவு மாற்றம் இல்லை. ஆனால் கதவு அங்கேயே மூடிவிடுவதில்லை. மின்னசோட்டாவில் மேகன் கன்னர் 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அனாதை இல்லங்களிலிருந்து தத்தெடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு மந்தமாகக் கிடந்த கார்ட்டிசால் எதிர்வினை, பருவமடையும் ஆண்டுகளில் மற்றப் பிள்ளைகளின் அளவை எட்டியது. சூழல் நல்லதாக மாறியிருந்தால் உடம்பு தன்னை மறுபடி சரிசெய்துகொள்ள அந்தப் பருவம் ஒரு வாய்ப்புத் தருகிறது. நீங்கள் அந்தப் பருவத்தைக் கடந்தது ஆச்சி வீட்டில். அம்போசெலியிலும், சிறுவயதில் பல துன்பங்களைச் சந்தித்த பெண் பாபூன்கள், ஒன்றையோ எதையுமேயோ சந்திக்காதவற்றைவிட ஏறக்குறைய பத்து ஆண்டு முன்பே இறந்தன; அதே வேளையில், வளர்ந்தபின் நெருங்கிய துணைகள் இருந்த குரங்குகள், சிறுவயது எப்படி இருந்திருந்தாலும், கூடுதல் காலம் வாழ்ந்தன.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. 33 வயதில், குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், ஒல்லியான உடலில் வந்த சர்க்கரை எந்த வகை என்று உறுதி செய்திருக்கிறார்களா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சி-பெப்டைடு, காட் எதிர்ப்பொருள் என்ற இரத்தப் பரிசோதனைகள் உதவும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். சிறுநீரில் ஆல்புமின் கசிகிறதா என்றும், இரத்தத்தில் கிரியேட்டினின் அளவையும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பாருங்கள். எடை குறைவாகப் பிறந்தவர் என்பதால் உங்களுக்கு இது கூடுதல் முக்கியம். பிறந்த எடையை மருத்துவரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் அவர் கேட்டிருக்க மாட்டார். விழித்திரையையும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். நம் பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

உங்கள் தேவை எடைக் குறைப்பைவிடத் தசை. இரத்தச் சர்க்கரையை அதிகம் வாங்கிக்கொள்வது தசைதான், அது பிறப்பிலிருந்தே உங்களுக்குக் குறைவு. நல்ல வேளையாக, திறனில் வளர்த்துக்கொள்ளக்கூடிய பகுதியும் அதுதான். வாரத்தில் இரண்டு மூன்று நாள், உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, எடை தூக்குவது போன்ற பயிற்சிகளைச் செய்யுங்கள். சாப்பிட்ட பின் சிறிது நேரம் நடங்கள். தட்டில் சோற்றைக் குறைத்துப் பயறு, முட்டை, மீன், கீரையைக் கூட்டுங்கள்.

படபடப்புக்கு முதலில் தைராய்டைப் பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தால், சிறுவயது வன்முறையின் பாதிப்புக்குச் சிகிச்சை தரத் தெரிந்த மருத்துவ உளவியலாளரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இரண்டாவது குழந்தை வேண்டுமென்றால் பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சிறுவயது அதற்குத் தடை இல்லை. தடையாக இருக்கக்கூடியது கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அது நீங்கள் மாற்றக்கூடியது. கருத்தரிக்கும் முன் எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வரட்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்றவையும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்களும் கர்ப்பத்தில் ஆகாதவை. நீங்கள் எதைச் சாப்பிடுகிறீர்கள் என்று காட்டி, முன்பே மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஃபோலிக் அமிலத்தைக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தொடங்க வேண்டும், எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்வார். வயிற்றில் குழந்தை இருக்கும் மாதங்களில் உங்கள் சர்க்கரை கட்டுக்குள் இருந்தால், அந்தக் குழந்தையின் கணையத்துக்கு உங்களுக்குக் கிடைக்காத ஒரு தொடக்கம் கிடைக்கும்.

தம்பியைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவரைப் பற்றித்தான் அவசரம். அவரும் அதே வீட்டில் அதே இரவுகளைக் கடந்தவர். குடி அந்தப் பதற்றத்தைச் சில மணி நேரம் அமர்த்துகிறது, அதனால்தான் பிடித்துக்கொள்கிறது. "அப்பா மாதிரியே ஆகிவிட்டாய்" என்ற வார்த்தையை வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம். அவர் கேட்காவிட்டாலும், இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கலாம் வா என்று கூட்டிப் போங்கள். உடல் பரிசோதனை என்றால் ஆண்கள் வருவார்கள், அங்கிருந்து குடியைப் பற்றிப் பேச்சு எடுப்பது மருத்துவருக்கு எளிது. தினமும் குடிக்கிறார் என்றால், திடீரென்று நிறுத்தச் சொல்லிச் சத்தியம் வாங்காதீர்கள். நீண்ட நாள் அளவுக்கு மீறிக் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பும் சித்தக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில், மருந்தோடு, சில நாட்களில் நிறுத்துவதே பாதுகாப்பு. கை நடுங்குகிறதா, காலையில் எழுந்ததும் குடிக்கிறாரா, எவ்வளவு காலமாக என்ற விவரங்களைக் குறித்துக்கொண்டு இந்த வாரமே கூட்டிச் செல்லுங்கள்.